"லுங் ஏறிவிட்டது" என்று சொல்லும் மாணவியிடம் என்ன பேசுவது?

கேட்டிருப்பவர் கோவைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியின் விடுதிக் காப்பாளர். கர்நாடகத்தில் உள்ள திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பேயில் பிறந்து வளர்ந்த திபெத்திய மாணவி ஒருத்தி அவருடைய விடுதியில் இருக்கிறாள். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவள், நவம்பரில் செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் நான்கு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை என்றாள். இசிஜி எடுத்துப் பார்த்ததில் கோளாறு ஒன்றும் இல்லை. காப்பாளரின் கேள்வி இதுதான்: "இவள் இந்தியாவில் பிறந்தவள். சீன ராணுவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சாப்பாடு, படிப்பு, உடுப்பு எதற்கும் குறையில்லை. பௌத்தம், தியானம் வேறு. இவளுக்கு அப்படி என்ன மனவேதனை?"

நல்ல கேள்வி. மனநல ஆலோசகராகப் பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்தபோது எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. என்னிடம் வந்த திபெத்தியப் பிள்ளைகளில் பாதிப் பேர் நேராக என்னிடம் வந்தவர்கள் இல்லை, இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அது ஏன் என்றும், தலைப்பில் இருக்கும் "லுங்" (காற்று என்று பொருள்படும் திபெத்தியச் சொல்) என்ன என்றும் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆராய்ச்சி. 2003-04ல் திபெத்திலிருந்து தப்பித் தரம்சாலா வந்து சேர்ந்த 769 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் பேட்டி எடுத்தார்கள். பனிமலையைக் கால்நடையாகக் கடந்து வந்தவர்கள், அடி பட்டவர்கள், சிறை பார்த்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. மனம் நொறுங்கிப் போயிருக்கும் என்று எதிர்பார்த்துப் போன இடத்தில் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. காரணம் தேடியபோது இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒன்று, பிரார்த்தனை, மந்திரம், வழிபாடு என்று சமயத்தைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார்கள். இரண்டாவது, "என்னைவிட அதிகம் பட்டவர்கள் இருக்கிறார்கள்" என்று நினைத்தார்கள். தன் துன்பத்தை அடுத்தவர் துன்பத்தின் பக்கத்தில் வைத்துச் சின்னதாக்கிக்கொள்ளும் பழக்கம் அது. லோஜோங் என்று அவர்கள் சொல்லும் மனப்பயிற்சியில் இதற்குப் பெரிய இடம் உண்டு.

"திபெத்தியர்களுக்கு மனம் கல்" என்று பலர் பேசுவது இதுபோன்ற செய்திகளை அரைகுறையாகக் கேட்டுத்தான். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. 1998ல் வெளியான இன்னொரு ஆய்வில் 8 முதல் 17 வயதுவரையான திபெத்திய அகதிப் பிள்ளைகள் 61 பேரைப் பரிசோதித்தார்கள். ஏழு பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பும், ஏழு பேருக்குத் தீவிர மனச்சோர்வும் இருந்தன. அதாவது ஒவ்வொன்றும் 11.5 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஊருக்கே கணக்குப் போட முடியாது. ஆனாலும் பிள்ளைகள் விஷயம் வேறு என்பதற்கு அது ஒரு தடயம்.

நான் பார்த்தவரையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. "என்னைவிட அதிகம் பட்டவர்கள் இருக்கிறார்கள்" என்ற நினைப்பு மலையைத் தாண்டி வந்தவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அவர் பேரப்பிள்ளையின் வாயை அதே நினைப்புதான் அடைக்கிறது. தாத்தா பனியில் விரலை இழந்து வந்தார், பாட்டி ஹிமாசலில் ரோடு போடக் கல் உடைத்தார், மாமா இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார், போன் செய்தால் அவருக்கு ஆபத்து. தரம்சாலாவில் தலாய் லாமா வசிக்கும் மெக்லியோட்கஞ்ச் தெருவில் நடந்தால், 2009க்குப் பிறகு திபெத்துக்குள் தங்கள் உயிரையே எதிர்ப்பாக்கிக்கொண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களில் யாராவது ஒருவருடைய படம் சுவரில் இருக்கும். இந்தப் படங்களுக்குக் கீழே வளர்ந்த பிள்ளை, "எனக்குக் காரணமே தெரியாமல் அழுகை வருகிறது" என்று யாரிடம் சொல்லும்? ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "சார், நான் எதை வைத்து சோகப்படுவது? எனக்கு என்ன நடந்துவிட்டது?" உங்கள் கேள்வியும் ஏறக்குறைய அதுதான், கவனித்தீர்களா? உங்களுக்கு முன்னால் அந்தப் பெண்ணே தன்னைப் பல தடவை இதைக் கேட்டிருப்பாள்.

சரி, என்னதான் நடந்தது? பைலகுப்பே என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கூர்க் டூரில் இறங்கிப் பார்க்கிற பொற்கோயிலும், பக்கத்துக் கடை மோமோவும்தான் நினைவுக்கு வரும். 1959 மார்ச்சில் லாசாவில் எழுச்சி ஒடுக்கப்பட்டு தலாய் லாமா இந்தியா வந்தார், அவர் பின்னால் சுமார் 80,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடங்களில் அன்றைய மைசூர் அரசு குஷால்நகர் அருகே காட்டு நிலம் கொடுத்தது. குளிர்நாட்டு மக்கள் வெயிலிலும் யானைகளுக்கு நடுவிலும் காட்டை வெட்டிச் சோளம் போட்டார்கள். முண்ட்கோடு, ஹுன்சூர், கொள்ளேகால் குடியிருப்புகள் அப்புறம் வந்தன. 2009ல் நாடு கடந்த திபெத்திய நிர்வாகம் எடுத்த கணக்கில் திபெத்துக்கு வெளியே சுமார் 1,28,000 பேர், அதில் இந்தியாவில் 94,000 பேர். அதற்குப் பிறகு இந்தியாவில் இந்த எண்ணிக்கை இறங்குமுகம்தான்.

உங்கள் மாணவி இந்தக் கதையின் மூன்றாம் தலைமுறை. அவளுக்கு இங்கே என்ன அந்தஸ்து தெரியுமா? சட்டப்படி அவள் வெளிநாட்டவர். அகதி என்றுகூடச் சட்டம் அவளை அழைப்பதில்லை, ஏனென்றால் 1951ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, தனியாக அகதிச் சட்டமும் கிடையாது. கையில் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழ் இருக்கும், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். வேறு ஊரில் தங்கிப் படிக்கப் போனால் அங்குள்ள போலீசில் பதிய வேண்டும். வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்குப் பதில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு அடையாளப் புத்தகம். விமான நிலையத்தில் அதை நீட்டினால், பார்த்தே இராத அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிடுவார், பின்னால் வரிசை நீளும். "அந்த இருபது நிமிஷம் எல்லோரும் என்னைத் திருடி மாதிரி பார்ப்பார்கள்" என்றாள் ஒருத்தி.

குடியுரிமை வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்த யாரும் பிறப்பால் இந்தியர், திபெத்தியர் உட்பட. 2010லும் 2016லும் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1987க்குப் பிறகு பிறந்த இன்றைய இளைஞர்கள் என்றால் தாயோ தந்தையோ அப்படிக் குடியுரிமை உள்ளவர் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். 2017ல் பாஸ்போர்ட் கொடுப்பதற்கு வைத்த நிபந்தனைகள்தான் வேடிக்கை. ஆர்.சி.யைத் திருப்பிக் கொடு, மஞ்சள் புத்தகத்தைக் கொடு, திபெத்திய நிர்வாகத்தின் சலுகைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடு, திபெத்தியக் குடியிருப்பில் வசிக்காதே. அதாவது, இந்தியராவதற்கு அம்மா வீட்டை விட்டு வெளியே போக வேண்டும்! போதாக்குறைக்கு, "நீயும் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாயா?" என்று சொந்தக்காரர்களே ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். நாடற்றவராக இருப்பதே போராட்டத்தின் அடையாளம் என்று நினைக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. இருபது வயதுப் பிள்ளை ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தன் இனத்துக்குத் துரோகம் செய்கிறோமா என்று யோசிப்பதை நம்மில் எத்தனை பேரால் கற்பனை செய்ய முடியும்?

சென்னை சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது, தாம்பரம் பக்கம் தங்கிப் படித்த திபெத்திய மாணவர்கள் சிலரை முன்கூட்டியே போலீஸ் பிடித்துப்போனது. பாதுகாப்புக்கு என்று நாம் செய்தியைப் படித்துவிட்டுப் போய்விட்டோம். அவர்களோடு படித்த மற்ற திபெத்தியப் பிள்ளைகள் அந்த வாரம் கல்லூரிக்கே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். முந்தின நாள்வரை ஒன்றாகப் பிரியாணி சாப்பிட்ட நண்பர்களுக்குத் திடீரென்று, "இவன் யார்?" என்று ஒரு கேள்வி வந்துவிடுகிறது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். திபெத்தியச் சமூகத்தில் விடுதிப் பள்ளி என்பது பெரிய அமைப்பு. 1960ல் 51 குழந்தைகளோடு தலாய் லாமாவின் அக்கா ஸெரிங் டோல்மா தரம்சாலாவில் தொடங்கியது பின்னால் திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்று வளர்ந்தது. அவருக்குப் பின் தங்கை ஜெட்சுன் பேமா 2006வரை நடத்தினார். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு வளர்ப்புத்தாய், "அமா-லா". பிள்ளைகள் இருபது முப்பது பேர். இதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் மொழியும் எழுத்தும் போயிருக்கும், கூடப் படித்தவர்கள் கடைசிவரை உடன்பிறப்புகளாகவே இருக்கிறார்கள். ஆனால் முப்பது பிள்ளைக்கு ஒரு அமா-லா என்றால், அழாத பிள்ளையே நல்ல பிள்ளை. அந்தப் பாடம் உடம்பில் ஊறிவிடும். உங்கள் மாணவியின் மாறாத சிரிப்பில் கொஞ்சம் அங்கே படித்ததாகவும் இருக்கலாம்.

பெற்றோர் இருந்தும் பிள்ளைகள் தனியாக வளர்வதற்கு இன்னொரு காரணம் ஸ்வெட்டர். குளிர்காலம் தொடங்கும் முன் லூதியானா மொத்தக் கடைகளில் கடனுக்குச் சரக்கு எடுத்து, ஏதாவது ஒரு நகரத்தின் நடைபாதையிலோ மைதானத்திலோ கடை போட்டு, ஜனவரிவரை விற்று, கடனை அடைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். ஊட்டியில் நிரந்தரமாகவே திபெத்தியச் சந்தை இருக்கிறது. சரக்கு விற்காத வருடம் கடன் அடுத்த வருடத்துக்குத் தாவும். நீங்கள் சொன்ன நவம்பர் மாதத்தைக் கவனியுங்கள். உங்கள் மாணவி பரீட்சைக்குப் படிக்கும் அந்த வாரத்தில், ஒருவேளை அவள் அம்மா ஏதோ ஒரு ஊரில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே உட்கார்ந்து மழை நிற்கக் காத்திருந்திருக்கலாம்.

இங்கே பிறந்தவர்களை "ஷிச்சாக்" என்பார்கள், திபெத்திலிருந்து புதிதாக வந்தவர்களை "ஸர்ஜோர்". இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உரசல் உண்டு. புதிதாக வந்தவர்களின் பேச்சில் சீன வார்த்தை கலந்திருக்கிறது என்று இவர்கள் கேலி செய்வார்கள், இவர்கள் பேச்சில் இந்தி கலந்திருக்கிறது என்று அவர்கள். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள், அதில் கணிசமானவர்கள் பெற்றோர் வழிகாட்டியிடம் ஒப்படைத்து அனுப்பிய குழந்தைகள். 2008ல் திபெத்தில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு சீனா எல்லையை இறுக்க, வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. அப்படி எட்டு வயதில் வந்து, இங்கேயே வளர்ந்த ஒரு இளைஞனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். அம்மாவின் முகம் மறந்துவிட்டது, குரல் மட்டும் வீசாட்டில் வரும். நாற்பது விநாடி, ஒரு நிமிடம். அரசியல் கிடையாது, தலாய் லாமா பெயர் கிடையாது. "யாக் கன்று போட்டது. குளிருகிறதா? சாப்பிட்டாயா?" அவ்வளவுதான். 2020 ஜூன் 29ல் இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது நாம் டிக்டாக் போனதைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது. பழைய போனைச் சார்ஜ் போட்டுப் போட்டு, சேமித்து வைத்த எட்டு குரல் பதிவுகளை அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். பேட்டரி உப்பிவிட்டது, எங்கே கொடுத்து மாற்றலாம் என்றுதான் என்னிடம் முதலில் கேட்டான். மற்றதெல்லாம் மூன்றாவது சந்திப்பில்தான் வந்தது.

இப்போது இதய மருத்துவர் விஷயம். திபெத்திய மருத்துவத்தில் உடம்பை மூன்று தோஷங்களாகப் பார்க்கிறார்கள்: லுங், திரிபா, பெகென். நம் வாதம், பித்தம், கபத்தோடு வைத்துப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். லுங் என்பது காற்று. மனம் அந்தக் காற்றின் மேல் ஏறிப் போகிறது என்பது அவர்கள் கணக்கு. அளவுக்கு மீறி யோசித்தாலோ, துக்கத்தை அடக்கினாலோ, சாப்பிடாமல் தூங்காமல் உழைத்தாலோ காற்று நிலைகொள்ளாமல் நெஞ்சில் ஏறிவிடும். அதற்கு ஸோக்-லுங் என்று பெயர், உயிர்க்காற்று கலங்குவது. படபடப்பு, மூச்சு முட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத கண்ணீர், எதற்கெடுத்தாலும் பயம், இவைதான் அதன் அறிகுறிகள். நம் ஊர் மனநல மருத்துவர் இதே பட்டியலைப் பதற்ற நோய், மனச்சோர்வு என்று எழுதுவார். ஆனால் இரண்டும் அப்படியே ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு இந்த வார்த்தை பிடிக்கும். காரணம், லுங் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. "ஞோன்பா", அதாவது பைத்தியம் என்ற முத்திரைக்குத்தான் குடும்பமே நடுங்கும். லுங் என்றால் பாட்டி எலும்பு சூப் வைத்துக் கொடுப்பார், எண்ணெய் தேய்த்துவிடுவார், மென்-ட்ஸீ-காங் என்ற திபெத்திய மருத்துவ நிலையத்தின் கிளையிலிருந்து மாத்திரை வாங்கிவருவார், "அதிகம் யோசிக்காதே, தனியாகப் படுக்காதே" என்பார். நோயாளியைத் தனியே விடாத நோய் அது. என் வேலையில் பாதியை அந்தப் பாட்டி செய்துவிடுகிறார் என்றுகூடச் சொல்வேன். பிரச்சினை விடுதியில் வருகிறது. அங்கே சூப்பும் இல்லை, பாட்டியும் இல்லை, "நெஞ்சில் காற்று" என்று மொழிபெயர்த்துச் சொன்னால் வார்டன் வாயு மாத்திரை கொடுப்பார் அல்லது இசிஜிக்கு அனுப்புவார். நீங்கள் இரண்டாவதைச் செய்தீர்கள், அதில் தப்பில்லை. உடம்பைப் பார்த்துவிடுவது எப்போதும் நல்லதுதான்.

லுங்கை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. சூப்பும் எண்ணெயும் தீவிர மனச்சோர்வை ஆற்றாது. பையன்களிடம் அது குடியாகவும் மாத்திரைப் போதையாகவும் வெளியே வருகிறது. தரம்சாலாவில் போதை மீட்புக்கென்றே திபெத்தியர்கள் அமைப்பு நடத்தும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. தியானம் எல்லாம் சரிசெய்யும் என்பதும் வெளியில் இருப்பவர்களின் ஆசைதான். பெரும்பாலான திபெத்திய இளைஞர்கள் நம்மைப் போலத்தான், பரீட்சைக்கு முன்னால் சாமி கும்பிடுவார்கள், தினமும் உட்கார்ந்து தியானம் செய்கிறவர்கள் அபூர்வம். "நீ பௌத்தர்தானே, மெடிடேஷன் பண்ணேன்" என்று தோழிகள் சொல்லும்போது உடம்பெல்லாம் எரிகிறது என்றாள் ஒருத்தி.

இன்னொரு பாரம், ஆட்கள் குறைந்துகொண்டே வருவது. வகுப்புத் தோழர்கள் ஒவ்வொருவராக டொரொண்டோ, நியூயார்க், பாரிஸ் என்று போய்விடுகிறார்கள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகளை இணைக்கிறார்கள், மூடுகிறார்கள். கேம்ப் என்று அவர்கள் சொல்லும் குடியிருப்பில் பூட்டிய வீடுகளும் முதியவர்களும். போகாமல் இருப்பவன் தோற்றவன் போல உணர்கிறான், போனவன் குற்ற உணர்வில் பணம் அனுப்புகிறான். இதற்கு மேல் தலாய் லாமாவின் வயது. 2025 ஜூலையில் அவருக்கு 90 ஆனது, தனக்குப் பிறகும் தலாய் லாமா மரபு தொடரும் என்று அறிவித்தார். பெரியவர்கள் நிம்மதியானார்கள். பிள்ளைகளிடம் பேசினால், "அவர் இருக்கும்வரை நாங்கள் யார் என்று உலகத்துக்குத் தெரியும், அப்புறம்?" என்பார்கள். அந்த "அப்புறம்" என்ற சொல்லோடு நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில், "உனக்கு என்ன குறை?" என்ற தொனி வேண்டாம், அந்தக் கேள்வியை அவள் மனசே கேட்டுக்கொண்டிருக்கிறது. "லுங் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லை ஒரு தமிழ் வார்டன் வாயில் கேட்டால் பாதிப் பூட்டு திறக்கும். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், பாட்டியின் மருந்தை நிறுத்தச் சொல்லாமல். ஆனால் இரண்டு மருந்தையும் பற்றி இரு மருத்துவர்களுக்கும் தெரிய வேண்டும். சாகவேண்டும் போல இருக்கிறது என்று சொன்னாலோ, அப்படித் தோன்றினாலோ சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசலாம்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். அவளை "சைனாக்காரி", "நேபாளி" என்று விளையாட்டுக்குக் கூப்பிடுவதை விடுதியில் நிறுத்துங்கள், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாலும். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் நாளில் வருகைப்பதிவில் கை வைக்காதீர்கள். பிப்ரவரி மார்ச்சில் லோஸர் வரும், அது அவர்கள் புத்தாண்டு. நம் காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருக்காது, நீங்களாகவே தேதியைக் கேட்டு லீவு கொடுங்கள். மார்ச் 10 எழுச்சி நாள், அன்றைக்கு அவள் கொஞ்சம் அமைதியாக இருந்தால் ஏன் என்று தோண்ட வேண்டாம்.

"உன் சொந்த ஊருக்கு எப்போதாவது போயிருக்கிறாயா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதை நீங்கள் கேட்காதீர்கள். அம்மா இந்த வருடம் எந்த ஊரில் கடை போட்டிருக்கிறார், சரக்கு போகிறதா என்று கேளுங்கள். பக்கத்து ஊர் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே அனுப்பி வையுங்கள், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பவேண்டும் என்ற விதியை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தி.